முட்டை நின்ற கோழிகள்

எண்ணூர் ஆற்று முகத்துவாரத்திலுள்ள எங்கள் நெட்டுக்குப்பத்தில் கோழிச் சாவுக்கென்று ஒரு பருவம் இருந்தது. மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறும்போது வெள்ளைக் கழிச்சல் வரும். முதல் நாள் ஒரு பெட்டை இரை எடுக்காமல் சிறகைத் தொங்கப்போட்டு நிற்கும். மறுநாள் இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். அந்த வாரம் முடிவதற்குள் தெருவில் பஞ்சாரம் கவிழ்க்கும் வேலையே இருக்காது. என் ஆயா காலத்தில் அதற்கு வைத்தியம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும்தான். நேர்ந்துவிட்ட சேவல் பிழைத்தால் அம்மன் காப்பாற்றினாள். செத்தால் அம்மன் முன்கூட்டியே எடுத்துக்கொண்டாள். எப்படிப் பார்த்தாலும் கணக்கு நேராகிவிடும்.

அந்தக் கழிச்சலுக்கு இந்தியாவில் ராணிகெட் என்று பெயர். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்ட நோயை, ஓரிரண்டு ஆண்டில் குமாவுன் மலையிலுள்ள ராணிகெட்டிலும் கண்டார்கள். வந்தபின் கொடுக்க மருந்து கிடையாது. முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் வீரியம் குறைத்த கிருமியை வைத்துத் தடுப்பூசி போடும் முறையை ஐயரும் டாப்சனும் 1940இல் வெளியிட்டார்கள். நாட்டுக்கோழிக்கு எட்டு வாரத்தில் போடும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். இப்போது பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் முகாம் நடத்துகிறது. கோழியைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் பங்குனிச் சாவு குறைந்திருக்கிறது. போகாதவர்களுக்கு இன்றும் அம்மன்தான்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. அட்டை அட்டையாக எண்ணி, வேகவைத்து, உரித்து, உடைந்ததற்குக் கணக்கு எழுதி என் உத்தியோகம் ஓடியது. அத்தனையும் நாமக்கல் பக்கத்து முட்டை. லாரிக்கு பாடி கட்டிய ஊர் 1970களில் கோழிப்பண்ணைக்குத் திரும்பியது. 1982இல் பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை இயங்கச் செய்தபின், விலையைப் பண்ணைக்காரர்களே சொல்லும் நிலை வந்தது. இவ்வளவு முட்டையைத் தொட்ட எனக்கு, இட்ட கோழியைப் பார்க்க வாய்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

சுமார் 72 வாரம் ஆனதும் கூண்டுக்கோழியைக் கழித்துவிடுவார்கள். பேப்பரில் முட்டை விலைக்குக் கீழே ‘முட்டைக்கோழி கிலோ’ என்று ஒரு விலை வருகிறதே, அது இதுதான். எங்கள் கறிக்கடைக்கும் அவ்வப்போது ஒரு லோடு இறங்கும். நெஞ்சில் மயிர் இருக்காது, கொண்டை வெளுத்திருக்கும், நகம் நீண்டு வளைந்திருக்கும். மணலில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கி வைக்கத் தெரியாமல் நிற்கும். பரிதாபப்பட்டு வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்; முட்டை பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன். “இன்னாக்கா, கறிக்கு வாங்கினத மடியில வெச்சுக் கொஞ்சுற?” என்று பக்கத்து வீட்டுப் பெண் இன்றுவரை சிரிக்கிறாள். ஆனால் அவை மண்ணில் குழி பறித்துப் புரண்ட அன்று அவளும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தாள்.

பிறகு சாக ஆரம்பித்தன. கழிச்சல் இல்லை, கழுத்து முறுக்கவில்லை. காலையில் அரிசி பொறுக்கியது மத்தியானம் விறைத்துக் கிடக்கும். பண்ணையிலேயே ஊசி போட்ட கோழிகள் இவை. ஊர் நோய் என்று சொல்லவும் வழியில்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் செத்த கோழியின் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே மஞ்சள் கருவாகத் தேங்கியிருந்தது. முட்டைக் குழாயில் இறங்க வேண்டியது வயிற்றுக்குள் சிந்திச் சீழ் பிடித்துவிட்டது என்றார்.

ஓயாமல் இடுவதன் விலை அது. காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு டஜன் முட்டை இட்டாலே அதிகம். நம் நாட்டுக்கோழி அறுபது, எழுபது இடும், நடுவே அடைக்கு உட்கார்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும். கூண்டு இனம் அடை மறந்தது. வருஷத்துக்கு முந்நூறைத் தாண்டும். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் போதாததை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கால் மடங்கிச் சாயும் இந்தக் ‘கூண்டுச் சோர்வு’ 1950களிலேயே அமெரிக்காவில் எழுதப்பட்டுவிட்டது. அதாவது நாமக்கல்லில் கூண்டு பரவுவதற்கு முன்பே.

நாட்டுக்கோழியின் சாவு வெளியிலிருந்து வரும்: நோய், கீரிப்பிள்ளை, வெள்ளம். இவற்றின் சாவோ உள்ளேயே வைத்து வளர்க்கப்பட்டது. சட்டம் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை என்பது என் வருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் வெற்றுக்கூண்டு கூடாது. இங்கிலாந்தில் ஜேன் ஹோவர்த் 2005இல் தொடங்கிய அறக்கட்டளை, கழித்த கோழிகளை வீடுகளுக்குக் கொடுக்கிறது. ருக்மிணி தேவி தலைமையில் 1962இல் பிறந்து நெடுங்காலம் சென்னையில் இருந்த விலங்கு நல வாரியமும் கூண்டு வேண்டாமென்றது. 2017இல் சட்ட ஆணையமும் அறிக்கை தந்தது. எல்லாம் இடத்தைப் பற்றிய பேச்சு. ஏ4 தாளைவிடச் சின்ன இடத்தில் அடைப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் என் வாசலில் இடத்துக்குக் குறைவே இல்லை, அவை செத்துக்கொண்டுதான் இருந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகள் கூரையேறிவிட்டன. என்னுடையவற்றுக்கு ஏறத் தெரியவில்லை. கூடையில் அள்ளிப் பரணில் வைத்தேன். வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உர ஆலைக் குழாயில் அமோனியா கசிந்து பக்கத்துக் குப்பங்கள் கைப்பிள்ளையோடு தெருவில் ஓடின. அந்த இரவையும் என் கோழிகள் தாண்டின. பொங்கலுக்குள் இரண்டு போயின, வழக்கமான மஞ்சள் வயிற்றோடு. புகை என்று ஊர் சொன்னது. நான் கீறிப் பார்த்திருந்ததால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது கிளிஞ்சல் தூள் தீவனக்கடையிலிருந்து வாங்கிப் போடுகிறேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த ஆற்றுக் கிளிஞ்சலை நம்ப மனம் வரவில்லை. முட்டை நின்ற கோழிதான் நிறைய நாள் இருக்கிறது என்பது என் அனுபவம். அடுத்த லோடு வந்தால் சொல்கிறேன் என்றார் கறிக்கடைக்காரர். மழைக்காலம் கழியட்டும் என்றேன். மயிர் முளைக்காத கோழி ஐப்பசி ஈரத்தில் தாங்காது.