பன்னிரண்டு பன்னாக்களின் வருடப்பிறப்பு

நான் கோப்பை கழுவும் உணவகத்தின் சமையற்காரர் லாவோஸ் நாட்டவர். ஒரு சித்திரை வருடப்பிறப்பன்று குசினிக்குள் நுழைந்தபோது, சிறு கிண்ணத்துத் தண்ணீரை என் தோளில் மெல்ல ஊற்றினார். அவருக்கும் அன்று வருடப்பிறப்பாம். அவருடைய பாட்டனார் சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள சிப்சோங்பன்னாவிலிருந்து எல்லை கடந்து வந்தவர். அந்த மண்ணைப் பற்றி நான் தேடிப் படித்தவை இவை.

அங்கு வாழும் டாய் மக்கள் தேரவாத பௌத்தர்கள். அவர்களுடைய ஆண்டுக் கணக்கு கி.பி. 638இல் தொடங்குகிறது. பண்டிகையின் பெயர் 'சங்கான்'. தாய்லாந்தின் 'சொங்க்ரான்' போல இதுவும் சங்கிராந்தி என்ற சொல்லின் திரிபே. சூரியன் மேட ராசியில் புகுவதை வைத்து ஆண்டைத் தொடங்கும் அதே இந்தியக் கணக்குத்தான் நம்முடைய பஞ்சாங்கத்திலும் இருக்கிறது.

பண்டிகை வழக்கமாக மூன்று நாள். முதல் நாள் பழைய வருடத்தை அனுப்புவது. நடு நாள் 'வெறும் நாள்': பழைய வருடத்துக்கும் சொந்தமில்லை, புதிய வருடத்துக்கும் சொந்தமில்லை. மூன்றாம் நாளே வருடப்பிறப்பு. விகாரையில் மணற்கோபுரம் கட்டுவார்கள், புத்தர் சிலையை நீராட்டுவார்கள். மீகோங்கில் படகோட்டம் நடக்கும், மூங்கில் வாணம் விடுவார்கள். பிறகு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். அசுரனைக் கொன்ற ஏழு பெண்களின் மேனியிலிருந்த இரத்தத்தைக் கழுவிய நீர் அது என்கிறது அவர்களுடைய கதை.

சிப்சோங்பன்னா என்றால் பன்னிரண்டு பன்னா, அதாவது பன்னிரண்டு வயல்நிலப் பிரிவுகள். சீனாவைத் தந்தை என்றும் பர்மாவைத் தாய் என்றும் சொல்லி, இருவருக்கும் திறை கொடுத்துப் பிழைத்த சிற்றரசு அது. 1950களில் அரசு போயிற்று. கடைசி மன்னர் மொழியியல் அறிஞரானார், 2017இல் இறந்தார். 1961இல் சீனப் பிரதமர் சூ என்லாய் டாய் உடை உடுத்து, சிங்ஹொங் நகரில் மக்களோடு தண்ணீர் ஊற்றி விளையாடினார். 1966இல் கலாசாரப் புரட்சி வந்தது. விகாரைகள் இடிந்தன, பிக்குகளின் காவி களையப்பட்டது, பண்டிகையும் நின்றது.

1980களில் விகாரைகள் மீண்டும் எழுந்தபோது கற்றுக்கொடுக்கப் பிக்குகள் போதவில்லை. பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பிக்குகள் வந்தார்கள். எல்லைக்கு வெளியே காக்கப்பட்டது உள்ளே திரும்பிப் போயிற்று. 2006இல் சீன அரசு இப்பண்டிகையைத் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. உல்லாசப் பயணிகளுக்காகத் தினந்தோறும் தண்ணீர் ஊற்றிக் காட்டும் பூங்காவும் வந்தது. தடை செய்த அரசே பின்னர் அதைக் காட்சிப்பொருளாக்கியது.

வெளியே இருப்பவர்கள் எதையாவது காப்பாற்ற முடியுமா என்று நமக்குள் அடிக்கடி விவாதம் வருகிறது. முடியும் என்பதற்கு டாய் மக்கள் சாட்சி. ஆனால் அதற்கு முறை தெரிந்த ஆள் வேண்டும். வருடப்பிறப்பில் தலையில் வைக்கும் மருத்துநீரில் என்னென்ன சேர்ப்பது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஊரில் ஐயர் காய்ச்சித் தருவார், அம்மா தலையில் தேய்த்துவிடுவார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது கேட்டு எழுதிவைக்க வேண்டும்.