வீட்டிலேயே பிபி பார்க்கும் புளூடூத் மெஷின்: போனில் வரும் நம்பரை நம்பலாமா? சரியாக அளப்பது எப்படி?

மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு உட்கார்ந்து, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்துகிறார் அப்பா. போனில் 158/94 என்று வருகிறது. வீடே பதறுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 134/82. மெஷின் கெட்டுப்போச்சா? பெரும்பாலும் அளந்த விதம்தான் தப்பு. இந்த நம்பரைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். அதனால் சரியாக அளப்பது முக்கியம்.

போன் என்ன செய்கிறது?

பிபியை அளப்பது கையில் சுற்றும் பட்டைதான். பட்டையில் காற்று ஏறி இறங்கும்போது ரத்தக்குழாயில் ஏற்படும் அதிர்வை வைத்து மெஷின் கணக்குப் போடுகிறது. அந்த நம்பரை புளூடூத் வழியாக வாங்கி, தேதி, நேரத்தோடு சேமிப்பது மட்டுமே போனின் வேலை. பட்டையே இல்லாமல், கேமராவில் விரல் வைத்தால் பிபி சொல்கிறோம் என்று வரும் ஆப்களை நம்பி மருந்து விஷயத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

வாங்கும்போது

* மணிக்கட்டு மெஷினை விட மேல்கையில் சுற்றும் மெஷினே நம்பகமானது.
* கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பருமனான கைக்கு சின்ன பட்டை போட்டால் பிபி கூடுதலாகக் காட்டும்.

போனோடு இணைப்பது எப்படி?

அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்கி, போனில் புளூடூத்தை ஆன் செய்து, ஆப்புக்குள் இருந்தே மெஷினைச் சேருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லொகேஷனும் ஆனில் இருந்தால்தான் மெஷின் கண்ணில் படும். மெஷினில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பா, அம்மா இருவரும் ஒரே மெஷினைப் பயன்படுத்தினால், 1, 2 என்ற யூசர் பட்டனை மாற்ற மறக்காதீங்க. இல்லாவிட்டால் அம்மாவின் பிபி அப்பா கணக்கில் ஏறிவிடும். டாக்டரிடம் போவது இருவரும் கலந்த சராசரியாக இருக்கும்.

அளப்பதற்கு முன்

* 30 நிமிடங்களுக்கு முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம்.
* சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.
* முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கால் மேல் கால் போடக்கூடாது.
* கையை மேஜை மீது, இதயத்தின் உயரத்தில் வையுங்கள். முழங்கை மடிப்புக்கு சுமார் 2 செ.மீ. மேலே, வெறும் கையில் பட்டையைச் சுற்றுங்கள்.
* அளக்கும்போது பேச்சு, டிவி, போன் எதுவும் வேண்டாம்.

எத்தனை முறை?

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் 7 நாள் அளக்கலாம். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு 2 முறை, மாலையில் 2 முறை. நடுவில் 1 நிமிட இடைவெளி. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பார்க்க வேண்டும். பல ஆப்களில் இதை அப்படியே ரிப்போர்ட்டாக எடுத்து டாக்டருக்கு அனுப்பலாம். நல்லா வந்த நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கிளினிக்கில் 140/90 உயர் ரத்த அழுத்தம் என்றால், வீட்டில் அதன் எல்லை 135/85. சராசரி அதைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரைப் பாருங்கள். டாக்டரைப் பார்த்ததும் பதற்றத்தில் பிபி ஏறுபவர்களும் உண்டு. கிளினிக்கில் நார்மலாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டையும் கண்டுபிடிக்க வீட்டுக் கணக்குதான் உதவும்.

எப்போது அவசரம்?

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளங்கள். அப்போதும் குறையாவிட்டால் உடனே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகளும் இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்களும் எந்த மெஷின் பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குவது நல்லது. நம்பர் குறைஞ்சிடுச்சு என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க. அது குறைந்ததே மாத்திரையால் இருக்கலாம்.