சிந்தாத மைக்கூடும் சாயாத காமிராவும்



திருமண வீட்டிலும் தேர்த்திருவிழாவிலும் தலைக்குமேல் ரீங்காரமிட்டுப் பறக்கும் சிறு விமானத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ட்ரோன் என்று அதனை அழைக்கிறோம். காற்று அதனை இருபுறமும் ஆட்டுகிறது. போதாக்குறைக்கு, முன்னோக்கிச் செல்ல வேண்டுமாயின் அது தன் உடலையே முன்புறம் சாய்த்தாக வேண்டும். ஆயினும் அது எடுக்கும் படத்தில் அடிவானம் சாய்வதில்லை. காமிராவைத் தாங்கி நிற்கும் ஜிம்பல் என்ற உறுப்பே அதற்குக் காரணம். அது பழுதுபட்டால் எங்கே நோக்க வேண்டும் என்று அறிய விரும்புவோர் அதன் வரலாற்றையும் சிறிது அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அதற்கு வரும் நோய்களிற் பல பழைய நோய்களே. சுழல வேண்டியது சுழல இயலாமற் போவது ஒன்று; உள்ளிருக்கும் பொருளின் எடை இடம் மாறிப் போவது மற்றொன்று.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டினரான பைசாந்தியத்துப் பிலோ எழுதியதாக அரபு மொழியில் வழங்கிவரும் நூலில் ஒரு மைக்கூடு வருணிக்கப்படுகிறது. எப்பக்கம் புரட்டினும் மை சிந்தாது. ஒரு வளையத்துக்குள் மற்றொரு வளையம், ஒன்றன் அச்சு மற்றொன்றன் அச்சுக்குச் செங்குத்து, நடுவே கலம். வெளிக்கூடு புரண்டாலும் கலம் தன் எடையால் நேராக நிற்கும். சீனர்களும் இவ்வித்தையை அறிந்திருந்தனர். 1970இல் சியான் நகரில் கிடைத்த புதையலில், தாங் அரசர் காலத்து வெள்ளித் தூபக்கலம் இவ்வாறே அமைந்திருந்தது. ஐரோப்பாவில் இதற்குக் கார்டான் தொங்கல் என்று பெயர். 1550இல் தம் நூலில் இதனை விவரித்த இத்தாலியரான கார்டானோ, தாம் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உலகம் அவருக்கே பெயரைச் சூட்டிவிட்டது!

மையையும் தூபத்தையும் காத்த வளையம், கடலிற் புகுந்த பிறகு உயிர்களைக் காக்கத் தொடங்கியது. கப்பலின் திசைகாட்டி அதில் தொங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாரிசன் வழிகாட்டிய பின்னர் பரவிய கடற்கடிகாரமும் அதிலேயே தொங்கியது. அக்கடிகாரம் நான்கு விநாடி தவறினால், நிலநடுக்கோட்டருகே கப்பல் தன் இடத்தை ஒரு கடல்மைல் தவறாகக் கணக்கிடும். ஒரு நிமிடம் தவறினால் பதினைந்து மைல். பாறைகளிருக்கும் கரையை இரவில் அணுகும் மாலுமிக்கு அது சிறு பிழையன்று. இக்கடிகாரப் பெட்டியில் ஒரு சிறு பித்தளைப் பூட்டு உண்டு. பெட்டியைக் கையில் எடுத்துச் செல்லுகையில் கடிகாரம் ஊசலாடாதிருக்க அதனைப் பூட்டுவர். கப்பலில் வைத்தபின் விடுவிக்க வேண்டும். விடுவிக்க மறந்தால் வளையம் இருந்தும் பயனில்லை. கடிகாரம் கப்பலோடு சேர்ந்து ஆடும். இப்பூட்டை நினைவில் வையுங்கள்.

சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களில், திசையறியும் கருவி மூன்று வளையங்களுக்குள் அமைந்திருந்தது. கலம் ஒரு குறிப்பிட்ட வகையில் திரும்பி, நடு வளையம் தொண்ணூறு பாகையை எட்டினால், மற்ற இரண்டின் அச்சுகளும் ஒரே கோட்டில் விழுந்துவிடும். மூன்று வழிகளில் ஒன்று அடைபடும். இதற்கு ஜிம்பல் பூட்டு என்று பெயர். இங்கே பூட்டியவர் எவருமில்லை, வடிவியலே பூட்டுகிறது. எழுபது பாகையிலேயே கணிப்பொறி எச்சரிக்கை செய்யும். 1969இல் அப்போலோ 11இல் சென்ற மைக்கேல் காலின்ஸ், தமக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக நான்காவது வளையம் ஒன்றை அனுப்புமாறு வேடிக்கையாகக் கேட்டார். 1970 ஏப்ரலில் அது வேடிக்கையாக இல்லை. அப்போலோ 13இன் பிராணவாயுத் தொட்டி வெடித்து, வெளியேறிய வாயு கலத்தை அலைக்கழித்தபோது, வீரர்கள் அந்தப் பூட்டில் சிக்காமல் கலத்தைத் திருப்பப் பெரிதும் போராடினர்.

2014இல் வெளிவந்த ஃபான்டம் 2 விஷன் பிளஸ் போன்ற ட்ரோன்கள், மூவச்சு ஜிம்பலைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோர் கைக்கும் கொண்டுவந்தன. பழைய வளையம் எடையால் நேராக நின்றது. புதியதில் உணர்வுச் சில்லு சாய்வை அளக்கிறது. ஒவ்வோர் அச்சிலும் உள்ள சிறு மோட்டார் அதனை எதிர்த்துத் திருப்புகிறது. எடை சமமாக நின்றால்தான் அந்த மோட்டார் தாக்குப்பிடிக்கும்.

என் பழைய மாணவர் ஒருவர் திருமணங்களைப் படமெடுப்பவர். காமிரா நடுங்குகிறது, மோட்டாருக்குச் சுமை மிகுந்தது என்று எச்சரிக்கை வருகிறது என்று சொல்லி ஒருநாள் தம் ட்ரோனுடன் வந்தார். மறுநாள் காலை முகூர்த்தம். தாலி கட்டுவதை இரண்டாம் முறை எடுக்க இயலுமா? காலிபிரேஷன் எனப்படும் அளவுத் திருத்தத்தை அவர் மூன்று முறை செய்து பார்த்திருந்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விரலால் ஒவ்வோர் அச்சையும் மெல்லத் திருப்பச் சொன்னேன். தடையின்றித் திரும்பின. ஆனால் காமிரா விட்ட இடத்தில் நில்லாமல் முன்புறம் கவிழ்ந்தது. வெயிலுக்காக முந்தின நாள்தான் காமிராவின் முகத்தில் ஒரு கனத்த கருங்கண்ணாடியை மாட்டியிருந்தார்! அதனைக் கழற்றியதும் நடுக்கம் நின்றது.

ஆகவே அளவுத் திருத்தத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கென்று மாட்டிய பிளாஸ்டிக் காப்பைக் கழற்றினோமா என்பது முதற்கேள்வி. கடற்கடிகாரத்தின் பித்தளைப் பூட்டுக்கு அது பேரப்பிள்ளை. அடுத்து, மோட்டாரில் மணலோ மயிரோ சிக்கியுள்ளதா, எடை சமமா, கீழே விழுந்ததில் நாடாக்கம்பி கிழிந்ததா என்று பார்க்க வேண்டும். படத்தில் அலையலையாக நெளிவு தெரிந்தால் பெரும்பாலும் குற்றம் ஜிம்பலுடையதன்று. காமிரா படத்தை வரிவரியாகப் படிக்கிறது. நுனி சிதைந்த இறக்கையின் அதிர்வு, கிழிந்த ரப்பர்த் தாங்கியின் வழியே அதனை எட்டுகிறது. இவை யாவும் செம்மையாயிருந்தும் அடிவானம் சாய்ந்தால் மட்டும், சமதளமான மேசையில் வைத்துத் திருத்தம் செய்யலாம்.

மின்சாரம் கொடுத்தவுடன் ஜிம்பல் ஒவ்வோர் அச்சிலும் ஆடித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அப்போது ட்ரோனைக் கையில் ஏந்தாமல் தரையில் வைத்துவிட்டுக் கவனியுங்கள். எந்த அச்சில் அது தயங்கி நிற்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.