இசைக் கடிகாரத்திலிருந்து ஜக்கார்டு பெட்டிக்கு

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் பருத்தியும் தறியும் பல குடும்பங்களுக்குக் கை கொடுத்தன. அருப்புக்கோட்டையில் தேவாங்கரும் சாலியரும் தலைமுறைகளாகக் கைத்தறி நெய்தவர்கள். சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவேலை வேண்டுமென்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏற்றப்படும். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு அதிலிருந்து தொங்கும். நெசவாளர் மிதிக்கும்போது அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். நெசவுக்காகவே பிறந்த கருவி போலத் தோன்றும் இந்தப் பெட்டியின் பூர்வீகம், பிரான்சு நாட்டின் இசைக் கடிகாரங்களிலும் தானியங்கிப் பொம்மைகளிலும் இருக்கிறது.

முள் உருளை

ஐரோப்பாவின் பெரிய தேவாலயக் கடிகாரங்கள் நேரம் காட்டுவதோடு நின்றுவிடவில்லை. ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைந்த கடிகாரத்தின் உச்சியில் ஓர் இரும்புச் சேவல் இருந்தது. அது சிறகடித்து, துருத்திக் காற்றின் உதவியால் கூவியது. அந்தச் சேவல் இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரின் புனித யோவான் பேராலயத்திலும் சேவலும் தேவதூதர்களும் அசையும் வானியல் கடிகாரம் ஒன்று உண்டு. 1383ஆம் ஆண்டிலேயே அதைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. மதப்போரில் சிதைந்த அதை 1598இல் நிக்கோலாஸ் லிப்பியஸ் மீண்டும் கட்டினார்.

இவ்வகைக் கடிகாரங்களில் இசையைச் சுமப்பது முள் உருளை. எடைக்கல்லோ சுருள்வில்லோ உருளையை மெல்லச் சுழற்றும். உருளையின் மேல் பலாப்பழத் தோல்போல் முட்கள் நிற்கும். ஒவ்வொரு முள்ளும் ஒரு நெம்புகோலைத் தூக்கிவிட, சுத்தியல் மணியில் விழும். உருளையின் நீளவாக்கில் முள் நிற்கும் இடம் எந்த மணி என்பதைச் சொல்கிறது. சுற்றுவாக்கில் நிற்கும் இடம் எப்போது என்பதைச் சொல்கிறது. பறவையின் அலகும் சிறகும் அசைவதற்கு முள்ளுக்குப் பதிலாக மேடு பள்ளமாக வெட்டிய பித்தளைத் தட்டுகள் சுழலும்.

கைவினையின் கடினம் முள் அடிப்பதில்தான். பாட்டு முதலில் ஒரு தாளில் கோடு போட்டுக் குறிக்கப்படும். தாளை உருளையில் சுற்றி, குறியிட்ட இடங்களில் முள் அடிக்கப்படும். ஒரு முள் சற்றே விலகினாலும் மணி முந்தும் அல்லது பிந்தும். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் உருளையையே மாற்ற வேண்டும்.

தாள் தறிக்கு வந்தது

லியோனின் பூப்போட்ட பட்டில் வேறொரு சிக்கல் இருந்தது. ஒவ்வோர் ஊடைக்கும் பாவில் எந்தெந்த இழைகள் எழ வேண்டும் என்று பார்த்து, கயிறுகளை இழுத்துத் தர நெசவாளருக்கு அருகில் ஓர் ஆள் தேவைப்பட்டார். பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களும் செய்த வேலை அது. உடம்பை வருத்துவது, கூலியோ குறைவு. காஞ்சிபுரத்தில் 'அடை' என்னும் நூல்கட்டு முறையில் நெய்தபோதும் இழை தூக்கித் தர ஒரு துணையாள் வேண்டியிருந்தது.

1725இல் பசில் பூஷோன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் இசைக்கருவி செய்பவரின் மகன். உருளையில் முள் அடிப்பதற்கு முன் தாளில் குறியிடும் வழக்கம் அவர் வளர்ந்த வீட்டின் தொழில். அந்தத் தாளிலேயே துளையிட்டு, துளை உள்ள இடத்தில் ஊசி நுழையவும் துளை இல்லாத இடத்தில் தள்ளப்படவும் செய்தார். முள் செய்த வேலையைத் துளை செய்தது. 1728இல் ஜான் பாப்டிஸ்ட் ஃபால்கோன், கிழியும் தாளுக்குப் பதிலாகக் கெட்டி அட்டைகளைக் கோத்தார். ஆயினும் இரண்டு முறைகளிலும் துணையாள் தேவைப்பட்டார்.

அடுத்த அடி வைத்தவர் ஜாக் த வோக்கான்சோன். 1709இல் கிரெனோபிளில் பிறந்த அவர், 1738இல் பாரிசில் ஆளுயரப் புல்லாங்குழல் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருத்திகள் காற்றூத, உதடும் நாவும் விரல்களும் அசைந்து அது 12 பாடல்களை வாசித்தது. கட்டளையிட்டது பீடத்துக்குள் சுழன்ற முள் உருளை. தானியம் தின்று செரிப்பதாகக் காட்டிய அவருடைய வாத்துதான் பெரும்புகழ் பெற்றது. அந்தச் செரிமானம் வெறும் கண்கட்டு. புல்லாங்குழல்காரனில் ஏமாற்று இல்லை. உண்மையான சாதனை அதுவே.

1741இல் அரசு அவரைப் பட்டு உற்பத்தியின் ஆய்வாளராக்கியது. 1744இல் புதிய விதிமுறைகளை எதிர்த்து லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழ, அவர் துறவி வேடத்தில் ஊரைவிட்டுத் தப்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு துணையாள் இல்லாத தறி ஒன்றைச் செய்தார். அதன் தலையில் துளையிட்ட உருளை இருந்தது. இசைக் கடிகாரத்தின் பழைய குறை அதிலும் ஒட்டிக்கொண்டது: உருளையின் சுற்றளவுக்கு மேல் பூ நீள முடியாது. அந்தத் தறி புழக்கத்துக்கு வரவில்லை.

லியோன்காரரான ஜோசப் மரி ஜக்கார்டு, பாரிசின் கலைத்தொழில் காப்பகத்தில் இருந்த வோக்கான்சோனின் தறியை ஆராய்ந்தார். உருளை இருந்த இடத்தில் நாற்பக்கக் கட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ஃபால்கோனின் அட்டைச் சங்கிலியை ஓடவிட்டார். 1804இல் பிறந்த இந்தக் கருவிக்கு அவர் பெயரே நிலைத்தது. பூஷோனையும் ஃபால்கோனையும் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. சங்கிலியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்பதால் பூவுக்கு எல்லை இல்லாமல் போயிற்று. 1839இல் ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் படம் ஒன்றை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தம் கணிப்பொறித் திட்டத்துக்கு இதே அட்டையைத்தான் தேர்ந்தார்.

அட்டை மீண்டும் இசைக்கும் போனது. 1892இல் பாரிசின் காவியோலி நிறுவனம், துளையிட்ட அட்டைகளைப் புத்தகம்போல் மடித்து வைத்து வாசிக்கும் காற்று இசைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றது. முள் உருளையின் காலம் அதோடு தேயத் தொடங்கியது.

அட்டை யாருடையது

தமிழ்நாட்டுத் தறிகளில் இன்றும் வேலையின் அடிப்படை அதுவே. பூவைக் கட்டத்தாளில் வரைவார்கள். எழ வேண்டிய இழைக்கு ஒரு துளை, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஒரு துளை பிசகினால் துணி நெடுகிலும் அதே பிசகு திரும்பத் திரும்ப வரும். முள் விலகிய கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் அதே சுரத்தைத் தவறவிடுவதைப் போல.

ஆனால் தறிமேடையில் இது ஒரு பிரிவினையையும் கொண்டுவந்தது. அடை கட்டிய காலத்தில் பூவின் கணக்கு நெய்பவரின் கையிலும் நினைவிலும் இருந்தது. அட்டை வந்தபின் அது வரைபவருக்கும் அட்டை குத்துபவருக்கும் போயிற்று. கூலிக்கு நெய்பவருக்குப் பூ வெளியிலிருந்து வரும் பொருள். துணையாளின் முதுகுவலி தீர்ந்தது உண்மை; அவருடைய கூலியும் அதோடு போனது. அதைவிடப் பெரிய விளைவு, அட்டை ஆளைப் பார்ப்பதில்லை என்பது. கைத்தறிக்கு வரைந்த பூவை விசைத்தறியும் அப்படியே நெய்துவிடும். இந்தப் போட்டியிலிருந்து காக்கவே 1985இல் கைத்தறிக்கான பொருள்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. சேலை அந்த 11இல் இருக்கிறது. கையால் நெய்தது எது என்று வாங்குபவர் அடையாளம் காண, 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தது. சேலையில் உள்ள பூவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடிவதில்லை.