திப்புவும் இணைய எழுத்தும்

ஒசூர் எல்லையின் இருபுறமும் இணையத்தில் திப்பு சுல்தான் ஒரு சாராருக்குப் புனிதர். மறு சாராருக்குக் கொடுங்கோலர். கர்நாடக அரசு 2015இல் தொடங்கி 2019இல் கைவிட்ட திப்பு ஜயந்தியையொட்டி இவ்வெழுத்துகள் பெருகின. கொல்லப்பட்டோர் தொகை பக்கத்துக்குப் பக்கம் மாறும். சொன்னவர் யார் என்பது இராது. நம்மவர் புகழுரைகளும் விலக்கல்ல. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் மேக்ஸ்வெல் திரும்பியதைச் சொல்லும் ஆர்வம், மறு ஆண்டே உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனிக்குப் போனதைச் சொல்லத் தயங்குகிறது.

அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஹதீஸை ஏற்காத மரபினர் நாம். கிர்க்பாட்ரிக் 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திப்புவின் கடிதங்கள் அதே இணையத்தில் கிடைக்கின்றன. மொழிபெயர்த்தவர் கும்பெனி அதிகாரி. குறிப்புகளில் அவர் பகை வெளிப்படை. அதை ஒதுக்கிப் படித்தால், இன்று ஒசூர்ப் பகுதியில் வளரும் பட்டுப்புழுவுக்காக அன்றே அக்கறை காட்டிய ஆணையும், கடுந்தண்டனை விதிக்கும் ஆணையும் ஒரே மன்னரிடமிருந்து வந்திருப்பதைக் காண்கிறோம்.