மணிலா விதைப்பும் அணில் காவலும்

கூட்டேரிப்பட்டு, சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் செல்லும் சாலை பிரியும் இடத்தில் உள்ள ஊர். இதைச் சுற்றியுள்ள புன்செய் நிலங்களில் நெடுங்காலமாகப் பயிராகி வருவது நிலக்கடலை. இப்பகுதி மக்கள் அதை நிலக்கடலை என்று சொல்வது குறைவு. மணிலா என்பர், பேச்சில் மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பது மருவி மல்லாட்டை ஆயிற்று என்று கருதப்படுகிறது. விதைத்த மணிலாவை அணில், காக்கை, எலி ஆகியவற்றிடமிருந்து காப்பது இங்கு ஏர் ஓட்டுவதைப் போலவே ஒரு தனி வேலையாக இருந்தது. அந்த வேலை பெரும்பாலும் சிறுவர்களின் தலையில் விழுந்தது.

பயிர் வந்த வழி

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவிய பயிர்களுள் இதுவும் ஒன்று. பிலிப்பைன்சின் தலைநகரான மணிலாவின் பெயரே இங்கு இதற்கு நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இதன் பரப்பு பெருகியது. காரணம் உள்ளூர்ச் சமையல் அன்று, பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகள். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக மார்செய் நகருக்குக் கடலை ஏற்றுமதியானது. அங்கு பிழியப்பட்ட எண்ணெய் சோப்புத் தொழிலுக்கும் பயன்பட்டது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் உள்நாட்டுக் கடலை துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று.

அந்த நூற்றாண்டின் இறுதியில் பயிர் நலிந்து விளைச்சல் குறைந்தபோது மொரீசியசு விதை வரவழைக்கப்பட்டது. 1905இல் கடலூருக்கு அருகில் பாலூரில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது. பின்னர் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த இரகங்கள் ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துகளைத் தாங்கின. அது திண்டிவனத்தின் சுருக்கம். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாநிலங்களில் பயிரானது. கொடியாகப் படரும் பழைய மணிலாவைவிடக் கொத்து மணிலா சுமார் ஒரு மாதம் முந்தி விளைந்தது. இவ்வளவு மாறியும், விதைத்த முதல் பத்து நாளின் கவலை மட்டும் மாறவில்லை.

விதைத்த பத்து நாள்

மணிலா விதை என்பது உண்ணும் பருப்பேதான். நெல்லைப் போல உமி இல்லை, ஆமணக்கைப் போல நஞ்சும் இல்லை. பாதியளவு எண்ணெய் நிறைந்த பருப்பை, மண்ணில் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரே நேர்வரிசையில் புதைத்து வைக்கிறோம். ஒரு குழியைத் தோண்டிக் கண்டுகொண்ட அணிலுக்கு அடுத்த குழி எங்கே என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்புகளில் நிற்கும் பனைமரங்கள் அதற்கு வீடு, இறங்கினால் கழனி.

மூன்று எதிரிகளும் மூன்று விதம். அணில் பகலில் வந்து சிறு குழி பறித்துப் பருப்பை எடுத்து, மேல்தோலை உரித்துப் போட்டுவிட்டுத் தின்னும். எலி இரவில் வரிசையைப் பிடித்துச் செல்லும். காக்கை பெரும்பாலும் முளைவிடும்வரை காத்திருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பருப்பிலை மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டும்போது கொத்திப் பிடுங்கும்.

ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு தேவை. மற்ற புன்செய்ப் பயிர்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். கம்புக்கு இரண்டு கிலோ போதும். வீட்டில் காயாகவே வைத்திருந்து, விதைப்புக்கு முன் பெண்கள் நாள்கணக்கில் கையால் உடைத்துப் பொறுக்கிய பருப்பு அது. விதைக்கு இல்லாதவர்கள் கடனாக வாங்கி, அறுவடையில் கூடுதலாகத் திருப்பி அளந்தனர். ஆகவே ஒரு அணில் தின்றது ஒரு கைப்பிடிதான் என்று விட்டுவிட முடியாது. பாடுவாசி நிரப்பலாம் என்றாலோ, மானாவாரி நிலத்தில் ஆடி மழையின் ஈரம் அதுவரை நிற்காது. நின்றாலும் பிந்தி நட்ட செடி பிந்தியே விளையும். மற்றவை பிடுங்கத் தயாராகும்போது அதில் பிஞ்சுதான் இருக்கும்.

இங்கிலாந்தில் 1876 முதல் வட அமெரிக்கச் சாம்பல் அணில் கொண்டுவந்து விடப்பட்டது. அங்குத் தோட்டக்காரர்கள் இன்றும் டியூலிப் பூங்கிழங்குகளை நட்டு மேலே கம்பிவலை விரிக்கின்றனர். டாஃபடில் கிழங்கில் நஞ்சிருப்பதால் அணில் அதைத் தொடுவதில்லை. பூப்பாத்திக்கு வலை சரி. 30 சென்டிமீட்டருக்கு 10 என்ற இடைவெளியில் ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் குழி உள்ள மணிலாக் கொல்லைக்கு எந்த வலையை விரிப்பது?

காவல்

அதனால் ஆள்தான் வலை. விடிந்தது முதல் இருட்டும்வரை ஒரு தகர டப்பாவும் குச்சியும், சில வீடுகளில் கவணும் கொடுத்துப் பிள்ளைகளைக் கொல்லையில் நிறுத்தினர். சோளக்கொல்லைப் பொம்மையை நட்டனர். செத்த காக்கையைக் கழியில் தொங்கவிட்டனர். காக்கை அதற்கு அஞ்சும், அணில் அஞ்சாது. விதையில் மண்ணெண்ணெய் பிசறி வாசனையை மறைப்பதும் உண்டு. பிரிட்டனில் பட்டாணி விதையை இதேபோல் மண்ணெண்ணெயிலும் செவ்வீயத்திலும் பிசறியதுண்டு.

அணிலை அடித்துக் கொல்லப் பலருக்கும் மனம் வருவதில்லை. தமிழர் அதை அணிற்பிள்ளை என்று சொல்லிப் பழகியவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல் மூன்று வரி கொண்ட அணிலைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் அணிலுக்கு முதுகில் மூன்று வெண்கோடுகளே உள்ளன. இராமர் தடவிக்கொடுத்த கதை வேறு சேர்ந்துகொண்டது. விரட்டலாம், கொல்லக்கூடாது என்றால் விரட்டிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. ஆடியிலும், இறவை மணிலா விதைக்கும் மார்கழியிலும், மீண்டும் பிடுங்கும் காலத்திலும் கிராமப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு இளைத்துப் போவது ஆசிரியர்கள் அறிந்த செய்தி. பத்து நாள் விடுபட்ட பிள்ளை கணக்கில் பின்தங்கும். பின்தங்கிய பிள்ளை பிறகு வராமலே நின்றுவிடுவதும் நடந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைக் கொல்லையிலிருந்து பள்ளிக்கு இழுத்தன. விதை தின்னும் அணிலுக்கு எதிராக அமைந்த காவல் கலைந்தது இப்படித்தான். கலைந்ததற்கு வருந்த ஒன்றுமில்லை.

நஞ்சும் மயிலும்

ஆனால் காலியான அந்த இடத்தில் வந்து நின்றவற்றுள் ஒன்று நஞ்சு. விதைநேர்த்தி என்பது வேறு. திரம், டிரைக்கோடெர்மா போன்றவை வேரழுகல் முதலிய பூசண நோய்களைத் தடுக்கவே பரிந்துரைக்கப்படுகின்றன. தின்ன வரும் உயிரைக் கொல்ல வீரியமிக்க பூச்சிமருந்தைத் தானியத்தில் கலந்து வைப்பது வேறு. அணிலுக்கோ எலிக்கோ வைத்ததை மயிலும் மைனாவும் தின்கின்றன. தமிழ்நாட்டில் பல இடங்களில் இவ்வாறு மயில்கள் கூட்டமாக இறந்துள்ளன. மயில் 1963இல் தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. கூட்டேரிப்பட்டிலிருந்து சிறிது தூரத்தில் மயில்வாகனனுக்குக் குன்றின்மேல் கோயில் கொண்ட மயிலம் இருக்கிறது. அங்கே கும்பிடும் விவசாயியின் கொல்லையில் விதையைக் கிளறுவதும் மயில்தான். குருணை மருந்தான போரேட் 2020 இறுதியோடு நாட்டில் தடைசெய்யப்பட்டது.

எலிக்கு நஞ்சில்லா வழி ஒன்று இப்பகுதியில் முன்பே இருந்தது. இருளர் வளையைக் கண்டு, மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்தி எலியைப் பிடித்தனர். வளையில் எலி சேர்த்து வைத்த தானியமும் அவர்களுக்கே. ஊதுபவரின் கையும் உதடும் சுட்டன, புகை நெஞ்சில் இறங்கியது. பிற்காலத்தில் கையால் சுழற்றும் விசிறி பொருத்திய இரும்புக் கலம் உருவாக்கப்பட்டது.

இன்று வரப்போரம் பழைய புடவை கட்டியும், பளபளக்கும் நாடாவைக் காற்றில் அதிரவிட்டும் விரட்டிப் பார்க்கின்றனர். இரண்டு மூன்று நாளில் அணில் பழகிவிடும். அதனால் இடம் மாற்றிக் கட்டுவர். டிராக்டரில் பூட்டிய விதைப்புக் கருவி வந்தபின் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் ஒரே ஓரிரு நாளில் விதைத்து முடிக்க முடிகிறது. எல்லாக் கொல்லையிலும் ஒன்றாக விதை கிடந்தால் அணிலின் தீனி பரவிப்போய் ஒருவருக்கு மட்டும் அடி விழுவதில்லை. தனியாக முந்தி விதைத்தவரின் கொல்லைக்குத்தான் இன்னமும் பகல் முழுதும் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலையை இப்போது பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவர்கள் பார்க்கின்றனர்.