உலக அரசியலும் ஆம்பூர் ஊசியும்

உலக அரசியல் என்றதும் போர்க்களமும் ஒப்பந்த மேசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கப் பேராசிரியை சிந்தியா என்லோ 1980களின் இறுதியில் வேறொரு வினாவை எழுப்பினார்: இவ்வரசியலில் பெண்கள் எங்கே? 1995இல், விளையாட்டுக் காலணி தைத்த ஆசியப் பெண்களின் கூலி தானாகக் குறைந்ததன்று, குறைக்கப்பட்டது என்பதையும் அவர் விளக்கினார்.

அவ்வினாவை நம் வட்டாரத்தில் கேட்டுப் பார்ப்போம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடுதல் நெடுங்காலம் பெரும்பாலும் ஆடவர் தொழிலாகவே இருந்தது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்திற்று. அதன்பின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தனர். வேறு பலர், தரகர் கொணரும் ஷூ அப்பர்களை வீட்டிலேயே கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி பெறலாயினர். டில்லியில் எடுத்த முடிவு ஆம்பூர் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்தது.

பாதுகாப்பும் அவ்வாறே தொலைவிலிருந்து வந்தது. பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஐ.நா. பொதுப்பேரவை 1979இல் நிறைவேற்றியது. பெண்கள்மீதான வன்முறையும் பாகுபாடே என்று அதன் குழு 1992இல் அறிவித்தது. இந்தியா 1993இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனையும் சான்றாகக் கொண்டே பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. அவை 2013இல் சட்டமாயின. பத்துப் பேருக்குக் குறையாத பணியிடத்தில் உள்ளகக் குழு வேண்டும். சிறு பணியிடங்களுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது அச்சட்டம்.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. வீட்டிலிருந்து உழைப்பவரையும் ஏனைய தொழிலாளருக்கு நிகராக நடத்துமாறு பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1996இல் இயற்றிய உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. நாளை வேலை கிடைக்குமோ என்று அஞ்சுபவள் இன்று நேர்ந்த கொடுமையை எவரிடம் முறையிடுவாள்? கூலியில் உள்ள ஏற்றத்தாழ்வு வாயையும் அடைத்துவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் தகாது என்பதே அறிஞர்தம் ஆய்வு நமக்குணர்த்தும் பாடம்.

இத்தொழிலை வளர்த்தோருள் நம்மவர் பலர். தைப்போருள்ளும் நம் சகோதரியர் உளர். அவர்தம் பெயர் பதிவேட்டில் ஏறட்டும். ஜோடிக்குரிய கூலி எழுத்தில் இருக்கட்டும். முறையிட வேண்டிய இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இது நாம் காட்டும் தயவன்று, அவர்களுடைய ஹக்கு.